ஊசிக்கு அஞ்சிய இரண்டு தெருக்கள்

1

நெருக்கடி நிலைக் காலத்தில், தென்காசியில் எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு பொய்யாக வேப்பிலை கட்டினோமே, அது யாரைக் காப்பாற்றியது? இதற்கு இன்றுவரை எனக்குப் பதில் தெரியவில்லை.

இப்போது நான் இருப்பது இங்கிலாந்தின் வடக்கே, பஞ்சாலைகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருக்கும் ஓர் ஊரில். என் கணவர் இங்குள்ள பல்கலைக்கழகத்தில் கணித ஆராய்ச்சி செய்கிறார். மூத்தவன் அருணுக்கு ஆறு வயது. இளையவள் மீனா போன ஐப்பசியில் இங்கேயே பிறந்தாள். அவளுக்கு மூன்று மாதம் முடிந்த ஒரு நாள், வீடு வீடாக வந்து குழந்தைகளைப் பார்த்துப் போகும் நர்ஸ் ஒருத்தி எங்கள் வீட்டுக்கு வந்தாள். தேநீர் குடித்தாள். மீனாவை நிறுத்துப் பார்த்தாள். பிறகு சாதாரணமாகக் கேட்டாள்: "மூன்று நோய்க்கும் சேர்த்து ஊசி போடட்டுமா, இல்லை கக்குவான் இருமல் மருந்தை விட்டுவிட்டு இரண்டுக்கு மட்டும் போடட்டுமா? முடிவு உங்களுடையது."

நான் திகைத்துப்போனேன். ஊசி போடுகிறவர் பெற்றவளிடம் அனுமதி கேட்பார் என்பதே எனக்குப் புதிது.

அவள் அப்படிக் கேட்டதற்குக் காரணம் இருந்தது. சில வருஷங்களுக்கு முன் கக்குவான் இருமல் ஊசியால் சில குழந்தைகளின் மூளை கெட்டுவிட்டது என்று இங்கே பேச்சு கிளம்பியது. தொலைக்காட்சியில் தாய்மார் அழுதார்கள். நன்றாக இருந்த பிள்ளை ஊசி போட்ட மறுநாள் இப்படி ஆனது என்றார்கள். டாக்டர்களுக்குள்ளேயே சண்டை. ஜனங்கள் அந்த ஊசியை விட்டார்கள். அடங்கிக் கிடந்த இருமல் திரும்பி வந்துவிட்டது.

யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்ல நினைத்தேன். ஆனால் அவள் சொன்னதைக் கேட்டுக்கொண்டேன் என்ற அர்த்தத்தில், நம் ஊர்ப் பழக்கப்படி தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினேன். அவள் ஏதோ எழுதிக்கொண்டு புறப்பட்டாள். கதவைச் சாத்தியதும் அருண் ஆங்கிலத்தில் சொன்னான்: "அம்மா, நீ வேண்டாம் என்று சொல்லிவிட்டாய்."

அவன் இப்போதெல்லாம் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில்தான் பதில் சொல்கிறான். என் தலையாட்டலைக்கூட இந்த ஊர்க் கண்ணால்தான் பார்க்கிறான்.

2

என் கணவரின் வேலையைச் சொல்லாமல் மேலே போக முடியாது. இவருக்குச் சொந்த ஊர் இலத்தூர். அங்கே கேட்டால் "நோய்க்கு மருந்து கண்டுபிடிக்காரு" என்பார்கள். அதெல்லாம் இல்லை. நோய் எப்படிப் பரவும் என்று காகிதத்தில் கணக்குப் போடுகிறவர்.

எனக்குப் புரிந்த அளவில் இது. ஓர் ஊர் ஜனங்களை மூன்று பெட்டியில் போடுகிறார்கள். நோய் இன்னும் வராதவர்கள், வந்து கிடப்பவர்கள், வந்து போனவர்கள். முதல் பெட்டியிலிருந்து இரண்டாவதற்கு எத்தனை வேகத்தில் போகிறார்கள் என்பதுதான் கணக்கு. ஊசி போட்டால் ஒருவர் முதல் பெட்டியிலிருந்து நேராக மூன்றாவதற்குத் தாவிவிடுகிறார். முதல் பெட்டியில் ஆள் குறையக் குறைய, நோய்க்குப் பற்றிக்கொள்ள இடமில்லாமல் போகிறது. ஊசி போடாத குழந்தையும் அப்போது தப்பிக்கிறது.

இவர் இதில் சேர்த்திருப்பது மனசு. எப்போது ஜனங்கள் ஊசிக்கு வருவார்கள், எப்போது விலகுவார்கள் என்பது. அடுப்படி மேசையில் உட்கார்ந்து எனக்கு இரண்டு கோடுகள் வரைந்து காட்டினார்.

"இங்க பாரு கோமதி. இது நோய், இது ஊசி. நோய் அடங்குச்சுன்னா அதும்மேல உள்ள பயம் போயிரும். ஊசிமேல உள்ள பயம் மட்டும் மிச்சம் இருக்கும். அப்போ ஊசிக் கோடு கீழ வருது. கொஞ்ச நாள் கழிச்சு நோய்க் கோடு ஏறுது. பிள்ளைங்க சாகுறதப் பாத்ததும் மறுபடி ஊசிக்கு ஓடுதாங்க. ஒண்ண ஒண்ணு துரத்திக்கிட்டே இருக்கும்."

"யாரு தப்பு செய்தாங்க இதுல?"

"யாரும் இல்ல. ஒவ்வொருத்தரும் புத்திசாலித்தனமாத்தான் நடக்காங்க. அடுத்த வீட்டுப் பிள்ளைங்க எல்லாம் ஊசி போட்டிருந்தா நம்ம பிள்ளைக்கு எதுக்குன்னு நினைக்கது புத்திசாலித்தனம்தான? எல்லாரும் அப்படி நினைச்சா மொத்தமா போய் குழியில விழுதோம்."

"சரி, மீனாவுக்குப் போடவா வேண்டாமா?"

இவர் பேனாவை மூடினார். "கொஞ்சம் பொறு. பேப்பர்ல தினமும் இருமல் இருமல்னு எழுதுதான். எல்லாரும் பயந்து ஊசிக்கு வரிசையில நிக்காங்க. ரெண்டு மூணு மாசத்துல தன்னால அடங்கும்."

"அப்போ மத்தவங்க பிள்ளை கையில குத்து வாங்கி, நம்ம பிள்ளையக் காப்பாத்தணுமா?"

"நான் அப்படிச் சொல்லல."

"உங்க கணக்கு அதத்தான சொல்லுது?"

"கணக்கு ஊருக்குப் பொது. மீனா ஒருத்தி" என்றார். இத்தனை படித்தவர், சொந்தப் பிள்ளை என்றதும் எங்கள் தெரு ஆள் மாதிரியே பேசினார். எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. நானும் அதைத்தான் கேட்க விரும்பினேனோ என்று இப்போது தோன்றுகிறது.

3

எங்கள் தெருவைச் சொல்கிறேன்.

அருண் பிறந்தது தென்காசியில், தலைப்பிரசவத்துக்கு நான் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தபோது. அண்ணன் ஆறுமுகம் சோடா கம்பெனி வைத்திருந்தான். கம்பெனி என்றால் வீட்டின் பின்கட்டில் ஒரு காஸ் சிலிண்டரும் இரண்டு ஆட்களும். சாரல் பிடித்துவிட்டால் குற்றாலத்துக்குக் கோலி சோடாவும் கலரும் வண்டி வண்டியாகப் போகும். மதினிக்கும் அண்ணனுக்கும் ஒரே பெண். பெயர் செல்வி, மூன்று வயது.

அப்போது வீடு வீடாக வந்து அம்மை குத்துகிற காலம். பிறந்த குழந்தை இருக்கிற வீட்டை விடமாட்டார்கள். அதே சமயத்தில்தான் குடும்பக் கட்டுப்பாட்டுக்கு ஆட்களை லாரியில் அள்ளிப் போகிறார்கள் என்ற செய்தியும் பரவிக்கொண்டிருந்தது. இரண்டையும் யாரோ முடிச்சுப் போட்டுவிட்டார்கள். குத்துவது அம்மைக்கு அல்ல, பிள்ளைகள் பெரிதானால் வாரிசு உண்டாகாமல் இருப்பதற்கு என்றார்கள். எங்கள் தெருவில் அதை நம்பாதவர்களே இல்லை. பட்டம் படித்த நானும் பாதி நம்பினேன்.

அண்ணன் ஒரு வழி கண்டுபிடித்தான். நம் பக்கத்தில் ஒரு வீட்டில் அம்மை வார்த்திருந்தால் வாசலில் வேப்பிலை கட்டுவோம். வேப்பிலை கட்டிய வீட்டுப் படியை அந்நியர் மிதிக்கமாட்டார்கள். வீட்டாரும் வெளியே போய்ப் புழங்கமாட்டார்கள், தாளிக்கமாட்டார்கள். அம்மன் இருக்கிற இடம். அண்ணன் எங்கள் வாசலில் ஒரு கொத்தைக் கட்டினான்.

"என் மருமவன் கையில எவன் குத்த வருதான்னு பாப்போம்" என்றான். மருமகன் என்றது பிறந்த சில வாரமேயான அருணை.

மதினிக்குப் பயம். "அம்மன் பேரச் சொல்லிப் பொய் சொல்லலாமா?"

"அவளுக்குத் தெரியும்டி. பிள்ளைக்குத்தான செய்தோம்."

இரண்டு நாளில் தெரு முழுக்க வேப்பிலை தொங்கியது. அம்மை குத்த வருகிறவர் வேலாயுதம் அண்ணாச்சி, ஆய்க்குடிக்காரர். சைக்கிளை நிறுத்திவிட்டு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தார்.

"என்ன ஆறுமுகம், ஒரு வீடு விடாம வந்துட்டாளே! அம்மன் என்ன பஸ் வச்சு வந்தாளோ?"

"ஆமா அண்ணாச்சி. குத்தாலத்துக்குக் குளிக்க வந்தா. கூட்டம் ஜாஸ்தின்னு இங்கன தங்கிட்டா."

தெருவே சிரித்தது. அண்ணாச்சியும் சிரித்தார். "சரிடே, அவ குளிச்சு முடிக்கட்டும். வருதேன்" என்று போய்விட்டார்.

நாங்கள் ஜெயித்துவிட்டோம் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். ஆனால் வேப்பிலை கட்டிவிட்டு எத்தனை நாள் வீட்டுக்குள் இருப்பது? எல்லா வீட்டு வேப்பிலையும் பொய் என்று எல்லோருக்கும் தெரியும். பெண்கள் வழக்கம்போல் ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குக் குழம்பு கொண்டுபோனார்கள். பிள்ளைகள் எல்லா வாசலிலும் நுழைந்து ஓடினார்கள். எதிர்வீட்டுப் பையனுக்கு நிஜமாகவே மணல்வாரி, அதாவது தட்டம்மை, கண்டது. அவர்கள் வாசலில் ஏற்கெனவே வேப்பிலை தொங்கிக்கொண்டிருந்தது. புதிதாக எதைக் கட்டிக் காட்டுவார்கள்? அந்த வீட்டம்மா சொல்லித்தான் பார்த்தாள். "ஏட்டி, நிஜமாவே வந்திருக்கு, பிள்ளையள அனுப்பாதிய" என்றாள். பக்கத்து வீட்டுக்காரி, "எங்க வீட்லயும் நிஜமாத்தான் வந்திருக்கு" என்று கண்ணடித்தாள்.

செல்வி தினமும் அந்தப் பையனோடு விளையாடினாள்.

4

இங்கே எங்களுக்கு அடுத்த வீட்டில் இருப்பவள் ஷீலா. அவளுடைய மூத்த பையன் அருணின் கூட்டாளி. தொலைக்காட்சியைப் பார்த்துப் பயந்து அவனுக்கு அவள் ஊசி போடவில்லை. இளையது கைக்குழந்தை, பெயர் மார்க். ஊசி போடும் வயதே இன்னும் ஆகவில்லை.

பிப்ரவரியில் பெரியவன் இருமினான். அருணும் இருமினான். இருவரும் ஒரே பள்ளிக்கூடம், ஒரே சாலையில் விளையாட்டு. யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று எந்த டாக்டராலும் சொல்ல முடியாது. அருணை வேறு அறையில் போட்டு, மீனா பக்கம் வராமல் பார்த்துக்கொண்டேன். இருவருக்கும் மெல்லக் குறைந்தது. பிறகு மார்க்குக்குத் தொற்றியது.

ஒருநாள் ஷீலா சுவரைத் தட்டிக் கூப்பிட்டாள். ஓடினேன். குழந்தை அவள் மடியில் இருமிக்கொண்டிருந்தது. இருமல் என்று சொன்னால் உங்களுக்குப் புரியாது. யாரோ கண்ணுக்குத் தெரியாத ஆள் அந்தப் பிஞ்சின் முதுகில் ஏறி நின்று மிதிப்பதுபோல் இருந்தது. ஒன்று முடிவதற்குள் அடுத்தது. நடுவில் மூச்சு இழுக்க நேரமே கிடைக்கவில்லை. முகம் சிவந்தது, பிறகு நீலமாயிற்று, கண்கள் பிதுங்கின. நாக்கு வெளியே தள்ளியது. கடைசியில் ஒரு மூச்சு உள்ளே போனபோது கேட்ட சத்தம், கழுத்தை நெரித்தவன் கையைத் தளர்த்தியதும் வருகிற சத்தம். உடனே வாந்தி. மறுபடி ஆரம்பம். ஷீலா குழந்தையைக் குலுக்கினாள். அவள் கத்தியதில் எனக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை. ஆம்புலன்ஸ் வந்து இருவரையும் கொண்டுபோயிற்று.

வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். எங்கள் தெருவையும், பொய் வேப்பிலையையும், செல்வியையும் சேர்த்துச் சொன்னேன். இவருக்குப் பாதிக் கதைதான் அதுவரை தெரியும். அசையாமல் கேட்டார். கண் பளபளத்தது.

"கோமதி, இதுதான் என் சமன்பாட்டுல இல்ல. நோய் எங்க இருக்குன்னு ஜனங்க எப்படித் தெரிஞ்சுக்கிடுதாங்கங்கறது. அடையாளம் பொய்யாப் போச்சுன்னா தொத்துற வேகமே மாறிரும். மொத்தம் எத்தன வீடு? யாரு முதல்ல கட்டினா? எதிர்வீட்டுப் பையனுக்கும் செல்விக்கும் எத்தன நாள் இடைவெளி?"

கையில் காகிதத்தை எடுத்துக்கொண்டே கேட்டார்.

எனக்குள் என்ன வெடித்தது என்று தெரியவில்லை. அடுப்பில் இருந்த ரசத்தை எடுத்து அவர் காகிதங்கள்மேல் கவிழ்த்தேன். "செல்விய ஒரு புள்ளியா வைக்கப் போறீங்களா? மீனா செத்தா அவளையும் வைப்பீங்களா?" என்று கத்தினேன். அவர் எழுந்து டம்ளரைச் சுவரில் எறிந்தார். என் தோளைப் பிடித்துத் தள்ளினார். நான் அலமாரியில் மோதினேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் என்மேல் கைவைத்ததில்லை, நான் அவர் முன் குரல் உயர்த்தியதில்லை. மேசைக்கு அடியிலிருந்து அருண் ஆங்கிலத்தில் நிறுத்துங்கள், நிறுத்துங்கள் என்று அலறினான். எங்கள் இருவருக்கும் அப்போதுதான் அவன் அங்கே இருப்பது தெரிந்தது.

5

வேலாயுதம் அண்ணாச்சி சொன்னபடி திரும்பி வந்தார். இந்தமுறை ஒரு தாசில்தாரும் போலீஸ்காரர்களும் கூட இருந்தார்கள். மேலிடத்திலிருந்து நெருக்குகிறார்கள், எண்ணிக்கை காட்டாவிட்டால் வேலை போய்விடும் என்று பேசிக்கொண்டார்கள். நாங்கள் கதவைத் திறக்கவில்லை. உதைத்தார்கள், தாழ்ப்பாள் பிய்ந்தது. வேப்பங்கொத்து கீழே விழுந்து பூட்ஸ் காலில் அரைபட்டது. மதினி செல்வியை நெல் குதிருக்குப் பின்னால் தள்ளி முன்னால் நின்றாள். ஒரு போலீஸ்காரன் அவள் கூந்தலைப் பிடித்து இழுத்துப் போட்டான். செல்வியைப் பிடித்துத் தூக்கினார்கள். அவள் கடித்தாள், உதைத்தாள். அண்ணாச்சி அவள் கையைப் பிடித்துக் குத்தினார். "கொஞ்சம்தான் தாயீ, எறும்புக்கடிதான் தாயீ" என்று சொல்லிக்கொண்டே குத்தினார். பிறகு என் மடியிலிருந்த அருணுக்கு. அண்ணனைச் சுவரோடு சேர்த்து அமுக்கி வைத்திருந்தார்கள்.

சில நாளில் செல்விக்குக் காய்ச்சல் கண்டது. உடம்பெல்லாம் தடித்தது. எதிர்வீட்டிலிருந்து வந்த மணல்வாரி. நகராட்சி டாக்டர் பிறகு எத்தனையோ தடவை அப்படித்தான் சொன்னார். குத்தியது பெரியம்மைக்கு, வந்தது வேறு. அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்றார். ஆனால் நாங்கள் பார்த்தது என்ன? நன்றாக இருந்த பிள்ளை. அம்மன் வாசலை மிதித்து உள்ளே வந்தார்கள், பலவந்தமாகக் குத்தினார்கள், பிள்ளை படுத்துவிட்டது. டாக்டரிடம் கொண்டுபோக அண்ணன் சம்மதிக்கவில்லை. அம்மனுக்குக் கோபம் ஏற்கெனவே அதிகம் என்றான். செல்விக்கு நெஞ்சில் சளி கட்டியது. மூச்சு இரைத்து இரைத்து அடங்கியது.

அண்ணாச்சி அந்தச் சமயம் சுந்தரபாண்டியபுரம் பக்கம் வேலையாக இருந்தார். குத்திய இடம் சரியாகக் கொப்பளித்திருக்கிறதா என்று பார்க்கத் திரும்பி வருவது அவர்கள் வழக்கம். தாமதமாக, ஒரு முற்பகலில் வந்தார். செல்வி இறந்தது அவருக்குத் தெரியாது.

"ஏ ஆறுமுகம், பிள்ளையக் கூப்பிடு. கையப் பாக்கணும்."

அண்ணன் பின்கட்டிலிருந்து வந்தான். "எந்தக் கை அண்ணாச்சி?"

"குத்தின கைதான்."

"வாரும், காட்டுதேன்."

முதல் சோடா பாட்டில் அவர் காலடியில் வெடித்தது. இரண்டாவது முகத்தில். காஸ் அடைத்த கோலி சோடா பாட்டில் உடைந்தால் கண்ணாடி எப்படிப் பறக்கும் என்று எங்கள் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அண்ணாச்சி முகத்தைப் பொத்திக்கொண்டு சைக்கிள்மேல் விழுந்தார். தெரு ஓடி வந்தது. தடுக்க வரவில்லை. கிரேட்டிலிருந்து ஆளுக்கு ஒரு பாட்டிலை எடுத்தார்கள். எதிர்வீட்டுக்காரரும் எடுத்தார். அவர் மகன் பிழைத்துவிட்டான், ஆனாலும் எடுத்தார். மதினி வாசலில் காய்ந்து கிடந்த வேப்பங்கொத்தை எடுத்து அவர் தலையிலும் முதுகிலும் மாறி மாறி அடித்தாள். "எம் பிள்ளையக் குடு, எம் பிள்ளையக் குடு" என்று ஒவ்வோர் அடிக்கும் சொன்னாள். ரத்தமும் கலரும் கலந்து சாக்கடைவரை ஓடியது. நான் அருணை மார்போடு அணைத்துக்கொண்டு நிலைப்படியில் நின்றேன்.

அண்ணாச்சிக்கு ஒரு கண் போயிற்று.

அண்ணனைப் பிடித்துக்கொண்டு போனார்கள். ஸ்டேஷனில் உள்ளங்காலில் அடித்தே நொறுக்கினார்கள். இன்றும் அவன் வலதுகாலைச் சரியாக ஊன்றமாட்டான். ஆனால் ஆஸ்பத்திரியில் வாக்குமூலம் கேட்டபோது அண்ணாச்சி, "கூட்டத்துல யாரு எறிஞ்சான்னு நான் பாக்கல" என்று சொல்லிவிட்டார். எறிந்தவன் எதிரே நின்று பேசிவிட்டுத்தான் எறிந்தான். கேஸ் நிற்கவில்லை, அண்ணன் வெளியே வந்தான். அவர் பயந்து சொன்னாரா, இரங்கிச் சொன்னாரா என்று வெகுநாள் யோசித்தேன். அண்ணனுக்கு அந்த வார்த்தைதான் அடியைவிட அதிகம் வலித்தது. "அவன் யாருடே எனக்குப் பிச்சை போட?" என்பான்.

6

மார்க் ஆஸ்பத்திரியில் கிடந்த வாரம், ஷீலாவின் கணவன் எங்கள் வாசலில் வந்து நின்றான். குடித்திருந்தான். உங்கள் நாட்டுச் சீக்கை இங்கே கொண்டுவந்தீர்கள், உன் பையன் என் பிள்ளையைக் கொல்லப் பார்க்கிறான் என்று கத்தினான். எங்களை இங்கே வழக்கமாக என்ன சொல்லித் திட்டுவார்களோ அதையும் சொன்னான். நான் மீனாவைத் தூக்கிக்கொண்டு ஜன்னலருகே நின்றது தப்பு. வாசலில் வைத்திருந்த காலிப் பால் பாட்டிலை எடுத்து எறிந்தான். ஜன்னல் நொறுங்கி என் முழங்கை கிழிந்தது. மீனாவின் மேலே கம்பளி இருந்ததால் தப்பினாள். அதன் மடிப்பிலிருந்து கண்ணாடித் தூளைப் பொறுக்கி எடுத்தபோது விரலில் இன்னும் இரண்டு இடத்தில் வெட்டிக்கொண்டேன்.

போலீஸ்காரர் வந்தார். "எறிந்தது யார் என்று பார்த்தீர்களா?"

"இல்லை, பார்க்கவில்லை" என்றேன்.

இவர் என்னை முறைத்தார். போலீஸ்காரர் ஜன்னல் சேதம் என்று மட்டும் எழுதிக்கொண்டு போனார்.

நான் அப்படிச் சொன்னது இரக்கத்தால் இல்லை, பயத்தாலும் முழுக்க இல்லை. நாளைக்கு அந்த வாசலைக் கடந்துதான் குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு போகவேண்டும். ஷீலா ஆஸ்பத்திரியிலிருந்து வந்தால் அவளுக்குக் கஞ்சி கொடுக்கப் போகவேண்டும். அதே தெருவில் மறுபடி வேலைக்கு வரவேண்டிய ஆள் வேறு என்ன சொல்வார்? வேலாயுதம் அண்ணாச்சியை எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. புரிந்ததாக நினைக்கிறேன்.

மறுநாள் இவரிடம் சொல்லாமல் மீனாவை கிளினிக்குக்குக் கொண்டுபோனேன். அங்கே, "நீங்கள் கக்குவான் ஊசி வேண்டாம் என்று சொல்லிவிட்டதாகப் பதிவாகியிருக்கிறது. மாற்றுவதென்றால் எழுதிக் கொடுங்கள்" என்றாள் வரவேற்பில் இருந்த பெண். கட்டுப்போட்ட கையால் எழுதினேன். தலையை ஆட்டாமல், வாயைத் திறந்து "போடுங்கள்" என்றேன். ஊசி தொடையில் இறங்கியபோது மீனா கத்திய கத்தலில் எனக்குச் செல்வியின் குரல்தான் கேட்டது.

பகல் முழுக்க அழுதாள். மாலையில் காய்ச்சல் கொதித்தது. வீட்டுக்கு வந்த இவர், "பிள்ளைக்கு வலிப்பு கிலிப்பு வந்துச்சு, உன்னக் கொன்னே போட்டுருவேன்" என்று கர்ஜித்துவிட்டு, பிள்ளையை என்னிடமிருந்து பிடுங்கி, ஈரத்துணியோடு அறைக்கும் கூடத்துக்கும் நடந்துகொண்டே இருந்தார். காய்ச்சல் விட்டது. இரண்டாவது ஊசிக்கு இவரே தூக்கிக்கொண்டு வந்தார். மார்க்கும் பிழைத்துத் திரும்பினான், எலும்பும் தோலுமாக.

ஊசிதான் மீனாவைக் காப்பாற்றுகிறது என்று நம்புகிறீர்களா என்று யாராவது கேட்டால், ஆம் என்பேன். செல்வி போனது ஊசியால் இல்லை என்று நம்புகிறேனா என்றால், அதற்கும் ஆம். ஆனால் இரண்டாவது 'ஆம்' சொல்ல ஒரு நொடி தாமதமாகிறது. அந்த ஒரு நொடிக்கு என் கணவரின் சமன்பாட்டில் என்ன பெயர் என்று தெரியவில்லை. இதையெல்லாம் எழுதலாமா என்று அவரிடம் கேட்டேன். "எழுது. ரசத்தக் கொட்டினதையும் எழுது" என்றார்.

7

இனி நான் கேட்க வந்தது.

வருகிற ஆடியில், அருணுக்குப் பள்ளி விடுமுறை விட்டதும் தென்காசி வருகிறோம். அண்ணன் வீட்டில்தான் தங்குவோம். மீனாவின் மூன்றாவது ஊசி அப்போதுதான் விழுகிறது. தள்ளிப்போட வேண்டாம் என்கிறார் இங்குள்ள டாக்டர். அண்ணனுக்கு, செல்வி போய் இத்தனை வருஷம் கழித்து, போன வருஷம் ஓர் ஆண் பிள்ளை பிறந்திருக்கிறது. ஓர் ஊசிகூடப் போடவில்லை. இருமல் பரவிக் கிடக்கிற ஊரிலிருந்து போகிற எங்கள் பிள்ளைகளும் அந்தப் பிள்ளையும் ஒரே பாயில் படுக்கப் போகிறார்கள்.

அண்ணன் தெரு இருக்கிற நகராட்சி வார்டில் முத்தடுப்பு ஊசிக்குப் பிள்ளைகளைச் சேர்க்க வீடு வீடாக வருவது, ஒற்றைக் கண்ணோடு, வேலாயுதம் அண்ணாச்சிதான். அண்ணனுக்கு விஷயத்தை மெல்ல எழுதிப் பார்த்தேன். பதில் வந்தது: "ஏட்டி கோமு, நீ உன் பிள்ளைக்கு என்னவும் செய். அவன் என் வாசல்ல கால வச்சா இந்தத் தடவ மிச்சக் கண்ணையும் எடுத்துட்டு நானே ஸ்டேஷனுக்குப் போவேன்." அவன் சும்மா எழுதுகிறவன் இல்லை. மதினி அடியில் ஒரு வரி சேர்த்திருந்தாள்: "நீ வா, பேசலாம்."

திருநெல்வேலி போய் யாருக்கும் தெரியாமல் மீனாவுக்குப் போட்டுக்கொண்டு வந்துவிடலாம் என்கிறார் இவர். செய்யலாம். மீனா தப்பிப்பாள். ஆனால் மறைத்து, நாங்கள் எதுவும் செய்யாதவர்கள்போல் அந்த வீட்டில் நடமாடினால், அண்ணன் பிள்ளைக்கு அதனால் என்ன கிடைக்கும்? எங்கள் தெரு ஒருமுறை ஒருவருக்கொருவர் மறைத்துப் பார்த்தாகிவிட்டது.

தென்காசி, செங்கோட்டைப் பக்கத்தில் இதைப் படிக்கிறவர்கள், முக்கியமாகப் பிள்ளையைப் பறிகொடுத்தும் அடுத்த பிள்ளைக்கு ஊசி போட்ட தாய்மார், எனக்கு எழுதுங்கள். அண்ணாச்சி வரும் நாளில் நானே வாசலில் மீனாவோடு உட்கார்ந்து, அண்ணன் பார்க்க அவரைப் போடச் சொல்லட்டுமா? அல்லது மதினியிடம் முதலில் பேசி, அவளையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு அவரிடம் போகட்டுமா? போனால், திரும்பி வரும்போது மதினிக்கு விழுகிற அடிக்கு யார் பொறுப்பு? அண்ணன் கை ஓங்கினால் நான் விலகமாட்டேன். ஆனால் அப்போது என் கையில் குழந்தை இருக்கும்.

அவனிடம் நான் முதலில் சொல்ல வேண்டிய வார்த்தை எது? செல்வியின் பெயரிலிருந்து தொடங்கவா, அந்தப் பெயரைச் சொல்லாமலே தொடங்கவா?